பசியில்லாத மனிதனின் நோன்பு

எங்கள் வத்தேகம ஓட்டோ தரிப்பிடத்தில் ஸிபானைப் போல் தின்பவனும் இல்லை, தூங்குபவனும் இல்லை. இதை நான் புறம் பேசவில்லை. முகத்துக்கு நேராகவே சொல்வோம். அவனும் சிரித்துக்கொண்டே இன்னொரு பணிஸுக்குக் கை நீட்டுவான். சந்தை நாளில் ஆட்கள் ஹயருக்கு, அதுதான் வாடகை ஓட்டத்துக்கு, காத்து நிற்பார்கள். இவனோ பின்சீட்டில் மடங்கிப் படுத்து, கால் இரண்டையும் வெளியே தொங்கவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். ஒருமுறை பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் குடைக்காம்பால் அவன் காலைத் தட்டி, "தம்பி, இது ஓட்டோவா, கட்டிலா?" என்று கேட்டார். "ரெண்டுந்தான் டீச்சர், ஏறுங்க" என்றான் அவன்.

என் பெயர் ஜெயராஜ், நானும் அங்கே ஓட்டோ ஓட்டுகிறவன்தான். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது வத்தேகமவில் அம்மா பாலம்மாவோடு இருக்கிறேன். அடுத்த வீடு ஸிபானுடையது. அவன் மனைவி மஸாஹிரா கலகெதரப் பெண்; மகள் நுஹாவுக்கு அப்போது ஆறு வயது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கறிவேப்பிலை மரம்தான் வேலி. அம்மா இந்தப் பக்கம் பறிப்பார், மஸாஹிரா அந்தப் பக்கம் பறிப்பார்.

நோன்பு மாதம் வந்தால் ஸிபானைப் பார்க்கவே பாவமாக இருக்கும். நோன்பை விடமாட்டான், அதில் அவன் சுத்தம். ஆனால் அவன் நோன்பு பிடிப்பது ஊருக்கே தெரியும்படி பிடிப்பான். மத்தியானம் திரும்பியதும் முகம் வாடிவிடும். பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன்னால் சீட்டில் குப்புற விழுந்து, "ஜெயா, நேரம் என்னடா?" என்பான். சொல்வேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்பான். "மச்சான், கடிகாரத்த நீ வெரட்டுனா அது ஓடுமாடா?" என்பேன். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்களே, இவனுக்கு எல்லாம் பறந்துவிடும், பொறுமை உட்பட. ஆனாலும் பாங்கு சொல்லும்வரை வாயில் ஒரு துளி தண்ணீர் படாது. நானும் விரதம் இருக்கிற சாதியில் பிறந்தவன்தான். அவனைக் கேலி செய்தபடியே உள்ளுக்குள் கும்பிட்டிருக்கிறேன்.

நாட்டில் பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலம் முடிந்த பிறகு அவன் விமான நிலைய ஹயர் ஓட ஆரம்பித்தான். ஒரு கம்பனி வேன். பகலில் ஓட்டோ, இரவில் வேன். தூக்கத்துக்குப் பிறந்தவன் எப்படி இதைச் செய்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால், "பழகிட்டுது மச்சான்" என்பான். அவனுக்குப் பழகியது ஐஸ் என்கிற போதைத் தூள். இன்னொரு வேன் சாரதி, கண் சொருகாமல் இருக்க ஒரு சாமான் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறான். முதலில் தூர ஓட்டத்துக்கு மட்டும். பிறகு கிட்டிய ஓட்டத்துக்கும். பிறகு ஓட்டமே இல்லாத நாளிலும். இதெல்லாம் பின்னால் தெரிந்த கதை.

அந்த வருடத்து நோன்பில் ஸிபான் வேறு ஆளாகிவிட்டான். நேரம் கேட்கவே இல்லை! சீட்டில் விழவில்லை. மத்தியான வெயிலில் ஓட்டோவைக் கழுவினான், துடைத்தான், கழற்றினான், பூட்டினான். அஸருக்கு முன்னாலேயே பள்ளிவாசலுக்குப் போய்க் கஞ்சி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றான். வத்தேகமவில் நோன்புக் கஞ்சி பெரிய காரியம். தேங்காய்ப் பாலும் இறைச்சியும் இஞ்சியும் ரம்பை இலையும் போட்டு, அடிப்பிடிக்காமல் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நோன்பு பிடித்த உடம்போடு நெருப்பு முன்னால் நிற்க இரண்டு மூன்று பேர் மாறி மாறி வருவார்கள். அந்த வருடம் ஸிபான் ஒருவனே நின்றான். நோன்பு திறக்கும்போது ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர், அவ்வளவுதான். தராவீஹ் தொழுகையில் முதல் வரிசை. உடம்பு கரைந்து கன்னம் ஒட்டிவிட்டது. கண்ணில் மட்டும் ஒரு பளபளப்பு.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற சனங்கள்தானே நாங்கள். கஞ்சிக்குப் பொறுப்பான முஹைதீன் ஹாஜியார், சந்தைக்குப் பக்கத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவர், "மாஷா அல்லாஹ், நம்மட ஸிபான் அவ்லியா மாதிரி ஆகிட்டாரு" என்று, ஒரு இறைநேசரைச் சொல்வதுபோல், எல்லாரிடமும் சொன்னார். மற்ற வாலிபர்களுக்கு அவனைக் காட்டிப் புத்தி சொன்னார்கள். எங்கள் அம்மா ஒரு படி மேலே போனார். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடக்கிற மனுஷி அவர். "விரதம் இருந்தா மொகத்துல ஒரு களை வரும்னு சொல்லுவாங்க, பாரேன் அந்தப் புள்ளையோட கண்ண" என்று சொல்லி, அவன் கறிவேப்பிலை மரத்தடியில் நின்றால் கன்னத்தில் கை வைத்துக்கொள்வார். நானும் மலைத்துப் போய்த்தான் பார்த்தேன். சோற்றுக்கும் தூக்கத்துக்கும் அடிமையாக இருந்தவன் இரண்டையும் ஒரே மாதத்தில் ஜெயித்துவிட்டானே என்று.

மஸாஹிரா மட்டும் வாயைத் திறக்கவில்லை. யாராவது புருஷனைப் புகழ்ந்தால் குனிந்துகொள்வார். அடக்கம் என்று நினைத்தோம். அவர் பார்த்ததை நாங்கள் பார்க்கவில்லை. விடியுமுன் ஸஹருக்கு வைத்த சோறு வைத்தபடி இருந்தது. பல்லை நறநறவென்று கடித்துக் கடித்துப் பின்பல் ஒன்று உடைந்திருந்தது. கையிலும் முதுகிலும் பூச்சி ஊருகிறது என்று சொறிந்து புண்ணாக்கியிருந்தான். மின்விசிறி, ரைஸ் குக்கர், நுஹாவின் பாட்டுப் பொம்மை எல்லாவற்றையும் நிலத்தில் பிரித்துப் பரப்பினான். ஒன்றையும் திரும்பப் பூட்டவில்லை. யன்னல் சீலையை விலக்கி விலக்கி வெளியே பார்த்தான். மஸாஹிரா காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறார். அழுது சத்தியம் செய்தவன், மறுநாள் சத்தியம் செய்ததே தனக்கு நினைவில்லை என்றான்.

நோன்பின் கடைசிப் பத்தில் ஒருநாள் காலை, பெருநாள் உடுப்பு வாங்க நுஹாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் புறப்பட்டான். திரும்பி வந்தது அஸருக்குக் கிட்ட. உடுப்பு இல்லை. அவன் ஓட்டோவை நிறுத்திவிட்டு நேராகக் கஞ்சி கிண்டப் போய்விட்டான். பிள்ளை இறங்காமல் உள்ளேயே இருந்தது. மஸாஹிரா ஓடி வந்தார். எங்கள் அம்மாவும் ஓடினார். பிள்ளையின் பாவாடை நனைந்திருந்தது.

"வாப்பா மோட்டார் சைக்கிள் தொரத்துதுன்டு தேயிலக் காட்டுக்குள்ள எல்லாம் ஓட்டினாரு, உம்மா" என்றது நுஹா. "நான் திரும்பித் திரும்பிப் பாத்தேன். ஒன்டுமே வரல்ல. நிப்பாட்டச் சென்னேன். கேக்கல்ல."

மஸாஹிரா பிள்ளையைக் கழுவி, உடுப்பு மாற்றி, அம்மாவின் மடியில் உட்கார வைத்தார். பிறகு தலைத்துணியைச் சரி செய்துகொண்டு தெருவில் இறங்கினார். ஹாஜியார் எங்கள் வீட்டுக்கும் ஒரு வாளி கஞ்சி தருவது வழக்கம். நான் அதற்காக வாளியோடு பள்ளிவாசல் பின்பக்கம் வரிசையில் நின்றேன். அதனால் நடந்ததை என் கண்ணாலேயே கண்டேன்.

ஹாஜியார் நல்ல மனநிலையில் இருந்தார். அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றபடி, எல்லாருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பெருநாள் முடிஞ்சதும் மத்ரஸா புள்ளைகள ஏத்தி எறக்கிற வேல நம்மட ஸிபானுக்குத்தான். இவர நம்பி புள்ளைகளக் குடுக்கலாம்."

பெண்கள் நிற்கிற பக்கத்திலிருந்து மஸாஹிரா முன்னால் வந்தார். ஒரு பெண் அந்த இடத்தில் அப்படி வந்து நின்று நான் பார்த்ததில்லை.

"ஹாஜியார், அந்த வேலய இவருக்குக் குடுக்க வாணாம்."

"ஏன் மகள்?"

"இவரு ஐஸ் பாவிக்கிறாரு. இவரு நோம்பு புடிக்கல்ல. பசியே இல்லாத மனுசனுக்கு என்ன நோம்பு, ஹாஜியார்?"

ஒரு வார்த்தை சிந்தாமல் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று அவருக்குத் தெரியும். நாளைக்கு எந்தக் கல்யாண வீட்டிலும் அவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்றும் தெரியும். புருஷனைக் காட்டிக் கொடுத்தவள் என்ற பெயர் சாகும்வரை போகாது. எல்லாம் தெரிந்துதான் வந்து நின்றார். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் வாளியை நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

ஸிபான் சிரித்தான். "இவளுக்கு ஏதோ ஆகிட்டுது" என்றான். கிண்டுவதை நிறுத்தவில்லை. ஹாஜியார் அவன் பக்கத்தில் போய்த் துடுப்பை மெதுவாகப் பிடித்து வாங்கினார். வாங்கும்போது அவன் கையைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து விரல்வரை கொப்புளம். சில கொப்புளம் உடைந்து தோல் சுருண்டிருந்தது.

"இது எப்ப சுட்டது, மகன்?"

ஸிபான் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது யாரோ ஒருவருடைய கை என்பதுபோல் பார்த்தான். "தெரியா" என்றான். அப்போதுதான் அவன் முகத்தில் சிரிப்பு அணைந்தது.

ஹாஜியார் திட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் கையைச் சுற்றினார். "ஜெயராஜ், ஓட்டோவ எடுங்க" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க ஸிபான், மரங்களில் கெமரா கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஹாஜியாருக்கு நோன்பு திறக்கும் நேரம் வழியிலேயே ஆனது. என்னிடம் இருந்த தண்ணீர்ப் போத்தலில் ஒரு வாய் குடித்துவிட்டு, மறுபடி அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

வார்டில் இருந்த டொக்டர் நிஷாந்தி யாழ்ப்பாணத்துக்காரர். அவனுடைய நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு என்னையும் ஹாஜியாரையும் வெளியே கூப்பிட்டார். படுத்துக் கிடக்கும்போதே இவனுடைய இருதயம் மலையேறுகிறவனுடையதைப் போல் அடிக்கிறது என்றார். இரத்த அழுத்தம் எந்த நேரமும் மூளையில் ஒரு இரத்தக் குழாயை வெடிக்கச் செய்யலாம் என்றார். ஹாஜியார், "டொக்டர், பசியே இல்லாம ஒரு மாசம் நின்டாரே, அது எப்புடி?" என்று கேட்டார். பாவம், அவருக்கு அது இன்னும் ஆறவில்லை.

"பசி இல்லாமப் போகேல்லை ஐயா. நித்திரையும் போகேல்லை. ரெண்டையும் அந்தச் சாமான் மறைச்சு வச்சிருக்குது. சாப்பாடு வராதபடியால் உடம்பு தன்னையே திண்டுகொண்டு இருந்திருக்குது. சூடு பட்டது தெரியாததும் அதாலதான்" என்றார் டொக்டர்.

மருந்து ஏறியதும் ஸிபான் தூங்கினான். தூங்கினான் என்றால், எழுப்பினாலும் எழும்பாமல், சேலைன் ஊசியோடு, நாள் கணக்கில் தூங்கினான். கண் விழித்தாலும் ஆள் திரும்பி வரவில்லை. சோற்றைப் பார்த்தால் முகத்தைத் திருப்பினான். சிரிக்கவும் அழவும் தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெருநாள் வந்து போனது. மஸாஹிரா நுஹாவைக் கூட்டிக்கொண்டு கலகெதரவில் தாய் வீட்டுக்குப் போனார். போகும்போது என் அம்மாவிடம், "மாமி, எனக்கு அவர் மேல கோவம் இல்ல. புள்ளைக்கு அவரப் பாத்தா ஒடம்பு நடுங்குது. அது நிக்கிற வரைக்கும் நான் வரமாட்டேன்" என்றார்.

மனநல வார்டு, பிறகு புனர்வாழ்வு நிலையம், பிறகு வீடு. வீட்டுக்கு வந்து இரண்டாவது மாதம் மறுபடி விழுந்தான். அந்த வேன் சாரதி தேடி வந்து கொடுத்திருக்கிறான். அன்று நான் கையில் கிடைத்த ஜாக்கியோடு அவனைத் தேடிப் போனேன். நல்லவேளை ஆள் கிடைக்கவில்லை. மறுபடி வார்டு. டொக்டர் நிஷாந்தி ஏசுவார் என்று பயந்தேன். அவர், "திரும்ப வந்திட்டியள்தானே, அது போதும்" என்றார். இந்த முறை திரும்பியவனை ஹாஜியார் தன் இரும்புக்கடையில், தன் கண் முன்னாலேயே ஆணி நிறுக்க வைத்தார். அம்மா மூன்று வேளையும் சாப்பாடு அனுப்பினார். உடைந்த பல்லோடு இன்னும் மூன்று பல் போனது. கை தழும்பாக ஆறியது. மஸாஹிரா ஒவ்வொரு பின்னேரமும் அம்மாவுக்குப் போன் எடுப்பார். "தின்டாரா? தூங்கினாரா?" இந்த இரண்டு கேள்விதான். நுஹா போனுக்குக் கிட்ட வருவதில்லை.

இப்படியே அடுத்த நோன்பு வந்துவிட்டது. டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். இந்த வருடம் நோன்பு கூடாது, மாத்திரை சாப்பாட்டோடு வேளைக்கு வேளை போக வேண்டும், பசியும் களைப்பும் கூடினால் அந்த ஆசை திரும்ப எழும்பும் என்று. ஹாஜியாரும் சொன்னார்: "நோயாளிக்கு நோம்பு கடம இல்ல மகன். சொகமான பொறகு விட்ட நோம்பப் புடிச்சுக் களாச் செய்யலாம்." ஸிபான் தலையாட்டினான். முதல் நாளான தலைநோன்பு அன்று காலையில் அம்மா கொடுத்தனுப்பிய ரொட்டி வாசலில் அப்படியே இருந்தது. மாத்திரையும் தொடவில்லை. கடைக்கும் போகவில்லை.

மத்தியானம் நான் போய்ப் பார்த்தேன். நிலத்தில் சுவரோடு சாய்ந்திருந்தான். கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது.

"மச்சான், என்னடா பண்ற? டாக்டர் சொன்னது மறந்து போச்சா?"

"போன வருசம் ஊரையும் ஏமாத்தினேன், அல்லாஹ்வையும் ஏமாத்தினேன். இந்த வருசம் உண்மயாப் புடிக்கணும், ஜெயா. இல்லாட்டி மஸாஹிரா எந்த மொகத்தப் பாத்துத் திரும்பி வருவா?"

"பசிக்குதாடா?"

"பசியில்ல. அந்தச் சாமான்தான் கூப்புடுது" என்றான். "காலயில இருந்து காதுக்குள்ள கூப்புடுது."

கறிவேப்பிலை மரத்தைத் தாண்டி அம்மாவிடம் ஓடினேன். மூன்றாம் முறை விழுந்தால் அந்த இருதயம் தாங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அம்மா போனை எடுத்தார். அஞ்சு வார்த்தைதான் பேசினார். அந்தப் பக்கம் மஸாஹிரா, "வாரேன் மாமி" என்றார்.

கலகெதரவிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து வத்தேகமவுக்கு இன்னொன்று. நான் தரிப்பிடத்தில் காத்து நின்றேன். மஸாஹிரா ஒரு கையில் சாப்பாட்டுக் கூடையோடும் மறு கையில் நுஹாவோடும் இறங்கினார். அவருக்கு நோன்பு, உதடு காய்ந்து வெடித்திருந்தது. அந்த வெயிலில், அந்த வாயோடு, அடுப்பு முன்னால் நின்று சமைத்துக்கொண்டு வந்திருக்கிறார். நுஹா என் ஓட்டோவில் ஏறப் பயந்தது. "ஜெயராஜ் மாமாட ஓட்டோ மெதுவாத்தான் போகும்" என்றார் மஸாஹிரா. அன்று நான் ஓட்டிய வேகத்தில் ஆமைகூட என்னை முந்தியிருக்கும்.

வீட்டுக்குள் போனதும் மஸாஹிரா பாய் விரித்தார். சோறு, பருப்பு, மாட்டிறைச்சிக் கறி, பொல் சம்பல். ஒரு தட்டில் போட்டு ஸிபானுக்கு முன்னால் வைத்தார். நுஹா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. நான் வாசற்படியில் நின்றேன், போகவும் மனம் வரவில்லை.

"நான் நோம்பு" என்றான் ஸிபான்.

"நோம்ப நான் புடிக்கிறேன். நீங்க தின்னுங்க."

"ஊரு என்ன செல்லும்? ரமழான் பகல்ல தின்டு..."

"ஊரு போன வருசம் செல்லாததா?" என்றார் மஸாஹிரா. அந்த ஒரு இடத்தில் மட்டும் குரல் உயர்ந்தது. "மாஷா அல்லாஹ்ன்டு செல்லிச் செல்லியே ஒங்கள மௌத்தாக்கப் பாத்தாங்க. எனக்கு அவ்லியா வாணாம். புள்ளைக்கு வாப்பா வேணும். தின்னுங்க."

அவன் தட்டைப் பார்த்தான். கண்ணீர் தட்டிலேயே விழுந்தது. ஒரு பிடி பிசைந்து வாயில் வைத்தான். பல் இல்லாத பக்கத்தை விட்டு, மற்றப் பக்கத்தில் மெதுவாக மென்றான். விழுங்குவதற்கு நீண்ட நேரம் ஆனது. இன்னொரு பிடி. மூன்றாவது பிடியில் நிறுத்தி, புருவத்தைச் சுருக்கினான்.

"உப்பு கொறவு" என்றான்.

மஸாஹிரா அவனையே பார்த்தார். நோன்போடு சமைத்தவர் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை, கைக்கணக்கில் போட்டிருக்கிறார். ஆனால் அது இல்லை விஷயம். ஒரு வருடத்துக்கு மேலாக இந்த மனிதன் வைத்தால் தின்றான், அல்லது அப்படியே விட்டான், வைக்காவிட்டால் கேட்கவில்லை. கல்லா, சோறா என்று வித்தியாசம் தெரியாமல் விழுங்கினான். என் அம்மாவின் மூன்று வேளைச் சாப்பாட்டிலும் ஒருநாள்கூடக் குறை சொல்லாதவன். மஸாஹிரா தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் தோள் குலுங்கியது. நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை கோயில் திருவிழா பார்த்திருக்கிறேன், தீமிதி பார்த்திருக்கிறேன். எதைப் பார்த்தும் எனக்கு உடம்பு இப்படிச் சிலிர்த்ததில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து நுஹா வெளியே வந்தது. குசினிக்குள் போய் உப்புப் போத்தலோடு வந்தது. தூரத்தில் நின்றபடியே கையை நீட்டியது. ஸிபான் வாங்கவில்லை, தட்டை அது நிற்கிற பக்கம் கொஞ்சம் தள்ளிவைத்தான். பிள்ளை உப்பைத் தூவியது. தூவியபடி தகப்பனின் தழும்புக் கையைப் பார்த்தது.

"நோவுதா?"

"இப்ப நோவுது, மகள்."

நுஹா தாயைப் பார்த்தது. பிறகு பாயில் உட்கார்ந்து, தட்டின் அந்த ஓரத்தில் தன் கையை வைத்துச் சோற்றைப் பிசைந்தது. தட்டின் நடு வெறுமையாகிக்கொண்டே வந்தது.

"மஸாஹிரா" என்றான் ஸிபான், வாய் நிறையச் சோற்றோடு. "இன்னும் கொஞ்சம் சோறு ஈக்கா?"

விடியலிலிருந்து ஒரு துளி தண்ணீர் குடிக்காத அந்தப் பெண் எழும்பிப் போய்ச் சட்டியோடு கொண்டுவந்து வைத்தார்.